சத்தம் போட்ட கல்

தையல்காரியின் வீட்டில் கழிவறைக் குழாய் மண்ணுக்குள் எங்கோ உடைந்துபோயிருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதிது பதிப்பதற்காக, குழாய்க்காரர் வீட்டிலிருந்து தெருச் சாக்கடை வரைக்கும் நீளமாகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். பாதி வேலையில் அவருடைய கடப்பாரை எதிலோ மோதி ணங்கென்றது. குழந்தையின் தலையளவு இருந்த ஒரு கல். கறுப்பும் பழுப்புமாக, ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தி எடுத்ததுபோல் குழிகள். அளவுக்கு மீறிய கனம். அவர் அதைப் பள்ளத்தின் ஓரத்துக்குப் புரட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் பக்கத்து வீட்டில் புதையல் குடியிருந்தார். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வுபெற்ற அவருக்கு அந்தப் பெயர் வந்தது அவர் வாங்கிய மெட்டல் டிடெக்டரால். எங்கே யார் மண்ணைக் கிளறினாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். இதுவரை கரண்டிகள், புட்டி மூடிகள், ஒரு முறை தன் வீட்டுச் சாவி ஆகியவற்றைக் கண்டெடுத்திருந்தார். அன்றும் வந்தார். கல்லுக்கு மேலே கருவியைக் காட்டியதும், அதுவரை முனகிக்கொண்டிருந்த கருவி அலறத் தொடங்கியது. குழாய்க்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பொறுப்புள்ள குடிமகன் செய்யவேண்டியதைப் புதையல் உடனே செய்தார். யாரும் தடுப்பதற்குள் கல் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டார்.

கல் ஆபீஸ் என்பது ஊரார் வைத்த பெயர். வாசற்பலகையில் 'ஒலியெழுப்பு கற்கள் அடையாளங்காண் நடுவண் நிலையம்' என்று இருந்தது. எப்போதோ ஒருவர் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துவைத்திருந்த கல், விண்ணிலிருந்து விழுந்த கல் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். அந்த அவமானம் மறுபடி நேராமலிருக்க ஒரு சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற இந்த நிலையத்தையும் கட்டினார்கள். மெட்டல் டிடெக்டரில் சத்தம் எழுப்பும் எந்தக் கல்லும் அடையாளம் காணப்படும் வரை, அது கிடந்த இடத்தில் தோண்டவும் கூடாது, மூடவும் கூடாது.

மாலைக்குள் அங்கிருந்து இரண்டு பேர் வந்து பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். குழாய்க்காரர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தோண்டவும் கூடாது, மூடவும் கூடாது என்றால் தனக்குத் தெரிந்த தொழிலில் மிச்சம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

வீட்டில் மூன்று பேர். முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி, லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளுடைய கணவர், கணவரின் அப்பா. மாமனாருக்குச் சர்க்கரை நோய், அடிக்கடி போகவேண்டியிருக்கும். புதையலின் மனைவி நல்லவள். எல்லாம் நம்ம வீடு மாதிரிதான், எப்ப வேணும்னாலும் வாங்க என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மாமனார் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் கால் வைத்து, நாடாவுக்கு அடியில் குனிந்து, பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார்.

தையல்காரி கல் ஆபீசுக்கு போன் செய்து, எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாள். நாடா கட்டத்தான் நாங்கள் வருவோம், பார்ப்பதற்குக் கல்தான் வரவேண்டும் என்றார் மறுமுனையில் இருந்தவர். ஆனால் அதை அசைக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். அசைக்காமல் எப்படிக் கொண்டுவருவது என்று அவள் கேட்டாள்.

“அசைக்கிறதுங்கிறது வேற, கொண்டுவரதுங்கிறது வேறம்மா. கொண்டுவரப்ப அசையறது தானா அசையறது. அதுக்கு நீங்க பொறுப்பு இல்ல.”

அவள் சீருடைத் துணியில் மிச்சம் விழுந்ததை இரட்டையாக மடித்து ஒரு பை தைத்தாள். கல்லை அதில் போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள்.

கல் ஆபீசின் வாசலில் ஆள் நுழைந்து போகிற மாதிரி கதவுச் சட்டம்போல் ஒரு மெட்டல் டிடெக்டர் நிறுத்தியிருந்தார்கள். அவள் காலெடுத்து வைத்ததும் அது கூவியது. காவலாளி பையைப் பிரித்துப் பார்த்தார். சத்தம் போடுகிற பொருளை உள்ளே விட முடியாது என்று வருத்தத்துடன் சொன்னார்.

“சத்தம் போடறதாலதான் அண்ணே கொண்டுவந்திருக்கேன்” என்றாள் அவள்.

“புரியுதும்மா. சத்தம் போடாத கல்லா இருந்தா தாராளமா உள்ள போலாம். ஆனா அதை உள்ள வாங்கமாட்டாங்க.”

இதுவரை வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். திரும்பிப் போனார்கள் என்றார். வாசலின் இடதுபக்கம் சுவரோரமாகக் கற்கள் மார்பளவு குவிந்து கிடந்தன. சுமந்து வந்தவர்கள் திரும்பிச் சுமக்க மனமில்லாமல் போட்டுவிட்டுப் போனவை. ஒரு நாய் அதன்மேல் படுத்திருந்தது.

காவலாளி இரக்கமுள்ளவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். சட்டத்தின் மின்சாரத்தை அணைக்கலாம். ஆனால் அணைத்திருக்கும்போது ஆட்கள் யாரும் உள்ளே போகக் கூடாதென்பது விதி. கல்லைப் பற்றி அந்த விதியில் ஒன்றுமில்லை. அவர் சுவிட்சை அணைத்தார். கல்லைத் தரையில் வைத்துக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது உருண்டு உள்ளே போனது. சுவிட்சைப் போட்டார். அவள் நுழைந்தாள். சட்டம் மறுபடி கூவியது. சேலைத் தலைப்பில் பழக்கதோஷத்தில் குத்திவைத்திருந்த குண்டூசிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எல்லாம் எடுத்து முடிவதற்குள் கல் உள்ளே வரவேற்பறையை அடைந்து, அங்கே பதிவும் ஆகிவிட்டது.

வரவேற்பாளர் கண்டிப்பானவர். கல் முதலில் வந்ததால் அதுதான் வருகையாளர், பின்னால் வந்த அவள் உடன்வந்தவர் என்று எழுதிவிட்டார். இனி எங்கே கூப்பிட்டாலும் கல்லைத்தான் கூப்பிடுவார்கள், அது போன பிறகு பின்னாலேயே போகலாம் என்று சொல்லிக்கொடுத்தார். கல்லின் பூர்வீகம் கேட்டார். தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்றாள். அவர் ‘சொல்ல மறுக்கிறார்’ என்று குறித்துக்கொண்டார்.

நிலையத்தில் மூன்று பிரிவுகள். கல் வானத்திலிருந்து விழுந்ததென்றால் விண் பிரிவு. பூமியில் விளைந்ததென்றால் மண் பிரிவு. உலையிலோ பட்டறையிலோ மனிதர் உருக்கிக் கொட்டிய கசடு என்றால் மனிதப் பிரிவு. இந்த மூன்றில் ஒன்று ஒப்புக்கொண்டால் போதும்.

விண் பிரிவின் அறை குளிர்ச்சியாக இருந்தது. மேசைகளில் தூசு இல்லை, காகிதமும் இல்லை. பிரிவுத் தலைவர் கல்லை ஏறிட்டுப் பார்க்காமலேயே எங்கே கிடைத்தது என்று கேட்டார். பள்ளத்தில் என்றாள்.

“பாத்தீங்களா, அங்கதான் சிக்கல். வானத்துல இருக்கற வரைக்கும்தான் அது எங்க கல்லு. தரையத் தொட்டதும் மண் பிரிவுக்குப் போயிடும். கீழ விழறதுக்கு முன்னாடி கொண்டுவந்திருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.” அவர் அறையைப் பெருமையுடன் சுற்றிக் காட்டினார். “நீங்க எந்த ஆபீசுல வேணும்னாலும் போய்ப் பாருங்க. நிலுவையே இல்லாத ஒரே பிரிவு இதுதான்.”

மண் பிரிவில் ஆட்கள் அதிகம், நாற்காலிகள் அதைவிட அதிகம். அங்கே தலைவி ஒரு அம்மாள். கல்லைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள். முதல் முறையாக ஒரு அதிகாரி கல்லைத் தொட்டதில் தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள் தலைவி. பிறகு வழவழப்பில்லாத வெள்ளை ஓட்டில் கல்லை உரசி, விழுகிற கோடு கறுப்பா சிவப்பா என்று பார்க்க வேண்டும். இரண்டும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

காந்தம் இரும்பு பீரோவின் மேல் ஒட்டியிருந்தது. அதற்கும் பீரோவுக்கும் நடுவில் நிலைய இயக்குநரின் புகைப்படம். காந்தத்தை எடுத்தால் படம் விழும். விழும்போது யாராவது பார்த்துவிட்டால் தலைவிக்கு ஓய்வூதியம் கிடையாது. வெள்ளை ஓடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் கையால் தொட்ட ஓடு அது. அதில் கோடு விழுந்துவிடக் கூடாது என்று யாரையும் உரச விடுவதில்லை.

“காந்தமும் இருக்கு, ஓடும் இருக்கு. இது ரெண்டும் இல்லாமயே எத்தனையோ ஆபீஸ் நடக்குது” என்றாள் தலைவி ஆறுதலாக. கல்லை அங்கேயே விட்டுப் போகும்படியும், இயக்குநர் மாறும்போது எப்படியும் படத்தை மாற்றுவார்கள், அந்த இடைவெளியில் சோதித்துவிடலாம் என்றும் சொன்னாள். இயக்குநர் எப்போது மாறுவார் என்று கேட்டதற்கு, அவருக்கு நல்ல ஆரோக்கியம் என்று பதில் வந்தது.

மனிதப் பிரிவில் இருந்தவர் தத்துவம் படித்தவர். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மனிதன் செய்த பொருள் என்றால் அதில் ஒரு குறையாவது இருக்கும், இதில் தன்னால் குறை காண முடியவில்லை, ஆகவே இது மனிதன் செய்ததல்ல என்றார். அதை எழுதித் தரச் சொன்னாள். எழுதினால் அதில் குறை வந்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

சாயங்காலம் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சட்டம் கூவியது. மாலைக் காவலாளி வேறொருவர். உள்ளேயிருந்து சத்தம் போடும் பொருளை வெளியே எடுத்துப்போவது திருட்டு என்றார். உடன்வந்தவர் போகலாம், வருகையாளர் இருக்கட்டும் என்று ஒரு வழி சொன்னார். கல்லை மண் பிரிவில் ஒரு காலி நாற்காலியில் வைத்துவிட்டு அவள் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் துணி வெட்டிய நேரத்தைவிட அந்த ஆபீசின் பெஞ்சில் உட்கார்ந்த நேரம் அதிகம். சீருடை தைக்கக் கொடுத்த தாய்மார்கள் பலகையில் ஏற பயந்து வேறு கடை தேடிக்கொண்டார்கள். புதையல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டிடெக்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார் என்று அவர் மனைவியே சொன்னாள். அவளும் பழைய மாதிரி இல்லை. வார்த்தையில் ஒன்றும் குறையில்லை. ஆனால் மாமனார் போய்வந்த பிறகு அங்கே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அது மாமனாரின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தவர் அப்படியே சரிந்தார். கணவர் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் பள்ளத்தில் விழுந்திருப்பார். உதடு வெடித்திருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. வந்த டாக்டர், உடம்பில் தண்ணீரே இல்லை, என்ன குடித்தார் என்று அதட்டினார். மாமனாரின் தலையணைப் பக்கம் தையல்காரி தினமும் வைத்த சொம்பு தளும்பத் தளும்ப இருந்தது.

“ஏன் மாமா குடிக்கல?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “குடிச்சா போகணுமேம்மா.”

அவள் எழுந்தாள். தலைப்பில் இருந்த குண்டூசிகளைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுத்தான் திரும்புவேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அன்று பார்த்து நிலையத்தின் ஆண்டு விழா. வரவேற்பறையில் மேடை போட்டிருந்தார்கள். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் இருப்பதைவிட நேரில் இன்னும் ஆரோக்கியமாக இருந்தார்.

“இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு கல்லைக்கூட நாம் தவறாக அடையாளம் கண்டதில்லை” என்றார். கைதட்டல். “வேறு நாடுகளில் அவசரப்படுகிறார்கள். ஒரு கல்லைப் பார்த்ததும் இது இன்ன கல் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு தப்பாகிறது, மன்னிப்புக் கேட்கிறார்கள். நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் நிலையில் இதுவரை இருந்ததில்லை. ஏன்? நாம் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் குவிந்திருக்கும் கற்களைப் பாருங்கள். மக்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் உயரம் அது.”

அடுத்து, இந்த ஆண்டு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், தாமதமாக வராமல், இருக்கையை விட்டு எழாமல் பணியாற்றிய ஊழியருக்குப் பாராட்டு என்றார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் அவளுடைய கல் இருந்தது. மேலே கயிறு சுற்றி ஒரு அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் கல்லின் புகைப்படம்.

தையல்காரி பக்கத்தில் நின்ற மண் பிரிவுத் தலைவியிடம் இது என்ன என்று கேட்டாள். தலைவி குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். ஆட்குறைப்புக்காக மேலிடத்திலிருந்து ஒருவர் கணக்கெடுக்க வந்திருந்தார். காலி நாற்காலி கண்டால் அந்த வேலையையே ஒழித்துவிடுவார். கல் இருந்த நாற்காலியின் சொந்தக்காரர் வெகுகாலமாக வருவதே இல்லை. கணக்கெடுப்பவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொருவரையும் பார்த்து வணக்கம் சொன்னார், எல்லோரும் எழுந்து நின்றார்கள், கல் நிற்கவில்லை. தன்னைப் பார்த்தும் தலை நிமிராமல் வேலையில் மூழ்கியிருக்கும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் நெகிழ்ந்துபோய் எழுதிவிட்டார். அவர் எழுதியதை மறுக்க முடியாது. வேலைக்கு உத்தரவு போட்டு அட்டையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

திட்டித் தீர்க்க வந்த தையல்காரி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் சேர்த்துவைத்திருந்த வசவுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அவள் நேரே மேடைக்குப் போனாள். யாரோ பாராட்டிப் பேச வருகிறார் என்று நினைத்து ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள்.

“ஐயா, அது கழுத்துல என்ன தொங்குது?” என்று கேட்டாள்.

“அடையாள அட்டை” என்றார் இயக்குநர்.

“அடையாளம் தெரியாதவங்களுக்கு அடையாள அட்டை குடுப்பீங்களா?”

“எப்படிக் குடுப்போம்? பெரிய குத்தமாச்சே.”

“அப்ப அதோட அடையாளம் உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.”

இயக்குநரின் முகத்தில் ஆரோக்கியம் குறைந்தது. தெரியாது என்று சொன்னால் ஊர் பேர் தெரியாத ஒன்றுக்கு அரசு வேலை கொடுத்த குற்றம் அவர் தலையில் விழும். தெரியும் என்று சொன்னால் நிலையத்தின் களங்கமில்லாத வரலாறு அந்த நிமிடத்தோடு முடிந்துபோகும். அவர் கல்லைப் பார்த்தார், தலைவியைப் பார்த்தார், முன்வரிசை ஓரத்தில், இப்போது கண்ணாடியோடு சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த கணக்கெடுப்பவரைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நண்பர்களே, இந்த நல்ல செய்தியை விழாவின் கடைசியில் சொல்லலாம் என்று ஒளித்துவைத்திருந்தேன்” என்றார். “இந்தச் சகோதரி முந்திக்கொண்டார். ஆம். நாம் ஒரு கல்லை அடையாளம் கண்டுவிட்டோம்.”

ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. விண் பிரிவுத் தலைவர் அழுதுவிட்டார். அது வானத்திலிருந்து வந்ததா, பூமியில் விளைந்ததா, உலையில் உருகியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய சந்தோஷத்தில் அந்தக் கேள்வி அற்பமாக இருந்திருக்கும். தையல்காரி கையோடு பள்ளத்துக்கு விடுவிப்பு உத்தரவு கேட்டாள். இயக்குநர் மேடையிலேயே கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கல்லைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அவள் அதற்கு மட்டும் யோசிக்காமல் தலையாட்டினாள்.

அடுத்த நாளே குழாய்க்காரர் வந்தார். நாடாவை அறுத்து எறிந்துவிட்டுக் குழாயைப் பதித்தார், மண்ணைத் தள்ளி மிதித்தார். சாயங்காலம் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் நடையில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. விளக்கை ஏன் இன்னும் போடவில்லை என்று மகனை அதட்டினார்.

கணவர் அன்று நேரத்தோடு வேலை முடித்து வந்திருந்தார். கையில் லிஃப்ட் கிரீஸ் வாடை போகாமல் சாப்பிட உட்கார்ந்தவர், பாதிச் சாப்பாட்டில் நினைவு வந்தவராக அவளைக் கேட்டார்.

“ஆமா, கடைசில அது என்னன்னு சொன்னாங்க?”

“இளநிலை உதவியாளர்” என்றாள் அவள்.

கணவர் மென்று விழுங்கினார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் அந்த லிஃப்ட் கம்பெனியில் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள்.

“நிரந்தரமா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லீங்க. ஒரு வருசம் எப்படி வேலை பாக்குதுன்னு பாத்துட்டுச் சொல்வாங்களாம்.”

அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தார்.

“ஆக்கிருவாங்க” என்றார். “எதுத்து ஒரு வார்த்தை பேசாதுல்ல.”